அத்தர்க் கடைக்காரரின் இடது கைப் பட்டி

பீர் மைதீன் அண்ணனுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. எல்லாம் வெள்ளை, எல்லாம் முழுக்கை. சித்திரை வெயிலில் ஊரே பனியனோடு திரியும்போதும் மனிதர் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருப்பார். மணிக்கட்டைச் சுற்றி வரும் பட்டி வலது கையில் எல்லாருக்கும் போல இருக்கும். இடது கைப் பட்டியை மட்டும் இரட்டைத் துணி வைத்து, வேண்டும்போது பிரித்து மாற்றுகிற மாதிரி தைத்துக் கொடுப்பேன். சில மாதத்தில் அது எண்ணெய் குடித்துப் பழுப்பேறி இற்றுப்போகும். பிரித்துவிட்டுப் புதுப் பட்டி வைப்பேன். வேறு யாருக்காவது இப்படி ஒரு சட்டை தைக்கச் சொல்லியிருந்தால் "வேற டெய்லரப் பாருங்க" என்று சொல்லியிருப்பேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் என் தையல் கடையும் அவருடைய அத்தர்க் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. கடைக்கு வருகிறவர் கையை நீட்டுவார். அண்ணன் கண்ணாடிக் குச்சியைக் குப்பியில் தொட்டுப் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். குச்சியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தோடு அடுத்த குப்பியைத் தொட முடியாது, இரண்டும் கெட்டுவிடும். அந்த மிச்சத்தைத் தன் இடது கைப் பட்டியில் துடைத்துக்கொள்வார். காலையில் ரோஜா, அதன் மேல் தாழம்பூ, அதற்கு மேல் மல்லி என்று சாயங்காலத்துக்குள் அந்தப் பட்டியில் கடைத்தெருவே ஏறி உட்கார்ந்திருக்கும்.

"ஒரு கந்தைத் துணி வச்சுக்கிட்டா என்னண்ணே? எனக்குத் தையல் கூலி மிச்சம்" என்று கேட்டிருக்கிறேன்.

"கந்தையில துடைச்சா கந்தைக்கு வாசம். சட்டையில துடைச்சா எனக்குல்ல வாசம், தங்கச்சி" என்பார்.

அது பாதி உண்மைதான். மீதி உண்மை அவருடைய வீட்டில் இருந்தது.

அவருடைய மனைவி நசீமா. நான் மதினி என்று கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் பிறந்து இங்கே வாழ வந்தவள். கடைப்பக்கம் வருகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் கடையில் நடந்தது அம்புட்டும் மதினிக்குத் தெரியும். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்குவதற்கு முன்னால் இடது கையை நீட்ட வேண்டும். மதினி பட்டியை மூக்கருகே பிடித்து ஒரு மூச்சு இழுப்பாள். "தாழம்பூ போயிருக்கு. கல்யாண வீட்டுக்காரவ வந்தாவளோ? ரெண்டு பேரு மல்லி கேட்டிருக்காவ. ஒருத்தன் வெட்டிவேரு." அண்ணன் ஆமாம் இல்லை என்று தலையாட்டுவார். பிறகுதான் சட்டை கழற்றுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம். கல்யாணமான நாள் முதல் ஒரு நாள் விடாமல் இந்தக் கூத்து நடந்தது. மோந்து முடித்ததும் மதினியே அந்தச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவாள். அன்றைய கதை அன்றோடு முடிந்தது, நாளைக்கு நாளைக் கதை.

வியாழக்கிழமைகளில் மட்டும் எல்லா வாசனைக்கும் மேலே மருதாணிப் பூ அத்தர் ஒரு கோடு கூடுதலாக இருக்கும். அது மதினிக்குப் பிடித்த வாசனை. வியாழன் ராத்திரியைத்தான் அவர்கள் வெள்ளி ராவு என்பார்கள்; அந்த ராவுக்கு அண்ணன் தானாகவே எடுத்துத் தடவிக்கொண்டு போவது. மதினிக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

"மருதாணி யாருக்குப் போச்சு?"

"ஒரு கிறுக்கன் வந்தான்" என்பார் அண்ணன்.

பேரன் பேத்தி எடுத்த வயதில் அந்தக் கிறுக்கன் வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தான். இதையெல்லாம் மதினி என்னிடம் சொல்லும்போது முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டுதான் சொல்வாள்.

அண்ணனுடைய அத்தா தோளில் மரப்பெட்டி தொங்க, பள்ளிவாசல் பள்ளிவாசலாக நடந்து அத்தர் விற்றவர். அண்ணனும் அதே பெட்டியோடு கூமாப்பட்டி, மகாராஜபுரம், சுந்தரபாண்டியம் என்று கல்யாண வீடு தேடி சைக்கிள் மிதித்துத்தான் கடை போட்டார். கூட்டமில்லாத மத்தியானங்களில் என் மிஷின் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி அத்தர்க் கதை சொல்வார். வடக்கே கன்னோசி என்கிற ஊரில் செப்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைச் சுற்றி மண் பூசி அடைத்து, அடியில் எருவும் விறகும் எரிப்பார்களாம். ஆவி மூங்கில் குழாய் வழியே போய் இன்னொரு பானையில் இறங்கும். அந்தப் பானையில் சந்தன எண்ணெய் காத்துக்கொண்டிருக்கும். "பூ வெந்து செத்துப்போவும். அதோட மூச்சைச் சந்தனம் வாங்கி வச்சுக்கும். ராசாக்க காலத்துலேர்ந்து இம்புட்டுத்தான் வித்தை" என்பார். சபையில் பன்னீர் தெளிப்பதும், சந்தனக் கும்பாவில் ஒரு துளி தாழம்பூ விடுவதும், காது மடலில் அத்தர்ப் பஞ்சு செருகிக்கொள்வதும் சாதி மதம் பார்த்து வந்தவை அல்ல, மூக்கு உள்ளவன் எல்லாம் கொண்டாடியது என்பார்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "குப்பியில இருக்கிறது பாதிதான் தங்கச்சி. மீதி போட்டுக்கிறவன் ஒடம்புல இருக்கு. ஒரே மல்லிதான், ஒங்கிட்ட ஒரு மாதிரி அடிக்கும், பரிபூரணம் டீச்சர்கிட்ட வேற மாதிரி அடிக்கும். ஒங்க ஊருப் பெருமாளுக்குத் தெரியாததா? புது மாலை வேணாம், அந்தப் புள்ள போட்டுக் கழத்துன மாலைதான் வேணும்னு அடம் புடிச்சாருல்ல?"

"அது எங்க ஊரு மட்டுமா, ஒங்க ஊரு இல்லையா?" என்று நான் சண்டைக்குப் போவேன். சிரிப்பார்.

ஒரே ஒரு அத்தரை மட்டும் அவர் பட்டியில் துடைக்க மாட்டார். ஊரில் மையத்து விழுந்தால், பிணத்துக்குச் சுற்றும் கபன் துணியில் தெளிக்கச் சந்தன அத்தர் கேட்டு வருவார்கள். அதற்குக் காசு வாங்க மாட்டார். குச்சியைப் பழைய பேப்பரில் துடைத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவார். "சாவு வாசத்தை அவகிட்ட கொண்டு போவக் கூடாது" என்பார். அதனால் ஊரில் நல்லது அம்புட்டையும் மோந்து தெரிந்துகொண்ட மதினிக்கு, கெட்டது மட்டும் அந்தப் பட்டி வழியே போய்ச் சேரவே இல்லை.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் லைனிங் துணி எடுக்க ராஜபாளையம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அத்தர்க் கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஆட்டோ ஓட்டுகிற பாண்டிதான் அண்ணன் கடைக்குள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனானாம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ராஜபாளையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் வந்த பஸ்ஸுக்கு எதிரே அந்த வண்டி போயிருக்க வேண்டும். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ராஜபாளையத்தில் மில் வேலையில் இருக்கும் மகன் முஹம்மது அனஸ்தான் ஆஸ்பத்திரியில் அத்தாவை வாங்கிக்கொண்டான். உடுப்புகளை ஒரு பையில் போட்டு அவன் பெண்டாட்டி ஃபாயிஸாவிடம் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் இட்டபோது, அனஸ் கடையைத் திறந்து சந்தன அத்தர் எடுத்து வந்தான். முந்தின நாள் யாரோ ஒருவருடைய மையத்துக்காக அண்ணன் திறந்த அதே குப்பி.

முகம் பார்க்க மதினியைக் கூட்டிப்போனார்கள். நான் பக்கத்தில் நின்றேன். குனிந்தாள், நிமிர்ந்தாள், என்னைப் பார்த்து விழித்தாள். "அவிய வாசமே இல்லையேட்டி. கற்பூரமும் சந்தனமும்தான் அடிக்கி. யாரோ மாதிரில்ல இருக்காவ" என்றாள். அழுகை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மதினி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், நகை கூடாது, அத்தர் கூடாது. அத்தர்க்காரர் வீட்டில் அத்தர் இல்லாமல் இருப்பது லேசா? மதினியே அலமாரியில் இருந்த குப்பிகளை எல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டாள். அவருடைய மற்ற சட்டைகளில் பட்டிக்குள் ஊறிய பழைய வாசனை இன்னும் இருக்கிறதென்று அவற்றையும் கொடுத்துவிட்டாள். போட்டுக்கொள்ளத்தான் கூடாது, மோந்து பார்க்கத் தடையில்லை என்று அவளுடைய நாத்தனாரே சொன்னாள். மதினி கேட்கவில்லை. "மோந்தா ஆசை வரும். அவியளுக்காக இருக்கிறத ஒழுங்கா இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

நான் அடிக்கடி போய் உட்கார்ந்து வருவேன். ஒரு நாள் சொன்னாள்.

"லச்சுமி, அன்னைக்குக் கடைக்கு யாரு வந்தான்னு நான் கேக்கவே இல்லையே. கைய நீட்டாமலே போயிட்டாவளே."

"நான் கடைத்தெருவுல விசாரிச்சுச் சொல்லட்டா மதினி?"

"வேணாம். ஆரு சொன்னாலும் அது சேதி. அந்தச் சட்டை ஃபாயிஸாகிட்ட இருக்கு. பத்திரமா வச்சிரும்மா, இத்தா முடிஞ்சதும் குடுன்னு போன்ல சொல்லியிருக்கேன். பட்டிய மோந்தா எனக்கு எல்லாம் தெரியும். அவிய அவியளாவே வந்து சொன்ன மாதிரி இருக்கும். ஒரே ஒரு நா பாக்கி இருக்குல்ல எனக்கு."

அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் எழுந்தாள், சமைத்தாள், தொழுதாள். சந்தனத்தில் ஏறிய வாசனை துணியில் மாதக்கணக்கில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்தப் பட்டிகளைப் பிரித்த கைதானே இது. நானும் அவளோடு சேர்ந்து காத்திருந்தேன்.

இத்தா முடிந்த அன்று அனஸும் ஃபாயிஸாவும் வந்தார்கள். ஃபாயிஸா நல்ல பெண். ஒரு புதுத் துணிப்பையில் இருந்து சட்டையை எடுத்து இரண்டு கையாலும் மாமியாரிடம் கொடுத்தாள். பால் போல வெளுத்து, பெட்டி போட்டு, கடையில் வாங்கியது மாதிரி மடித்திருந்தது.

மதினி மெதுவாகச் சட்டையின் இடது கையை விரித்துப் பட்டியை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அந்த வாசம் வந்து அடித்தது. அலசும் தண்ணீரில் ஊற்றுவார்களே, துணிக்கு வாசம் ஏற்றும் திரவம், அது. ஏதோ ஒரு நீலப் புட்டியின் வாசம்.

"ஆஸ்பத்திரிக் கறை இருந்துச்சும்மா. ரெண்டு தரம் ஊறப்போட்டேன். இத்தா முடிஞ்சு நீங்க எடுக்கிறப்ப மணமா இருக்கட்டும்னு அதையும் ஊத்தி அலசினேன்" என்றாள் ஃபாயிஸா.

மதினி சட்டையை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தாள். "நல்லா வெளுத்திருக்கேம்மா" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடுமா? "அட பாவி மகளே, அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்துப் பட்டி, குச்சி, கிறுக்கன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்தப் பெண் முகம் வெளுத்துப்போய் நின்றாள். பிறகு மாமியார் காலடியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

மதினி முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டாள். "அவளை ஏன்ட்டி வையுத? தெனமும் அவிய சட்டைய சோப்புப் போட்டுத் துவைச்சது ஆரு? நாந்தான? அதப் பாத்துத்தான அவளும் செஞ்சா? துவைக்காதேன்னு சொல்லணும்னு எனக்கே தோணலையே." ஃபாயிஸாவின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சட்டையும் மடியில்தான் கிடந்தது.

எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வாசனைதானே போயிற்று, குப்பிகள் எல்லாம் கடையில் அப்படியே இருக்கின்றன. யார் யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று தெரிந்தால் அதே வரிசையில் அந்தப் பட்டியில் மறுபடி துடைத்துவிட்டால் என்ன? மதினியிடம் சொன்னேன். "செய்யி" என்றாள்.

கடைத்தெருவில் மிஷினை நிறுத்திவிட்டு விசாரித்தேன். பரிபூரணம் டீச்சர்தான் போணி. மகள் நிச்சயத்துக்கு ரோஜா வாங்கியிருக்கிறார். பிறகு மாலை கட்டுகிற நவநீதகிருஷ்ணன், கல்யாண மண்டபத்துச் சந்தனக் கும்பாவுக்குத் தாழம்பூ. மத்தியானம் பெயர் தெரியாத இரண்டு பெண்கள் மல்லி வாங்கியதை எதிர் பாத்திரக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதன்பின் சுந்தரபாண்டியத்திலிருந்து மையத்துக்குச் சந்தன அத்தர் கேட்டு ஒருவர் வந்தார். அது பட்டிக்கு ஏறியிருக்காது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

கடைசியாகப் பாண்டியைப் பிடித்தேன். ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"நான் போறப்ப கண்ணாடிக் குச்சியக் கையில புடிச்சமேனிக்குச் சாஞ்சிருந்தாருக்கா. பக்கத்துல ஒரு சின்னக் குப்பி தொறந்து கெடந்துச்சு. நாந்தான் மூடி வச்சேன்."

"என்ன குப்பிலே அது?"

"பேரு எங்க பாத்தேன். வேலியில மருதாணி பூத்தா அடிக்குமே, அந்த வாசம். அவரத் தூக்குறப்ப எடது கை எந்தோளு மேலதான கெடந்துச்சு? ரெண்டு நாளைக்கு என் காக்கிச் சட்டையில அதே வாசந்தான். பொறவு துவைச்சிட்டேன்க்கா."

அவனை வையாமல் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மதினி அதுவரை கடைக்குள் கால் வைத்ததில்லை. சில நாள் கழித்து நானும் ஃபாயிஸாவும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஃபாயிஸா அந்தச் சட்டையை ஊருக்குக் கொண்டுபோய் வெறும் தண்ணீரில் அலசி அலசி, மாடி வெயிலில் காயப்போட்டு, அந்த நீல வாசம் துளிகூட இல்லாமல் போக்கிக் கொண்டுவந்திருந்தாள். மதினி அண்ணனுடைய நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள். சட்டையை மேஜைமேல் விரித்தாள். நான் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவள் குப்பியைத் திறந்து, குச்சியைத் தொட்டு, ஃபாயிஸாவின் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, மிச்சத்தைப் பட்டியில் துடைத்தாள். ரோஜா. தாழம்பூ. மல்லி, திரும்பவும் மல்லி. கடை மணத்தது.

"கடைசியா மருதாணி, மதினி. பாண்டி சொன்னான்."

குச்சி அப்படியே நின்றது. "கிறுக்கன் வந்திருக்கான்" என்றாள் மதினி. சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகி, அவளைப் பிடித்துக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் பலம் போதவில்லை. சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

செத்த நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருதாணிப் பூ அத்தரையும் ஒரு கோடு இழுத்தாள். பட்டியைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தாள். நானும் ஃபாயிஸாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொரு மூச்சு. இன்னொன்று. பிறகு சட்டையை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"எல்லாஞ் சரியா இருக்கு லச்சுமி. டீச்சர் இருக்காவ, மாலைக்காரர் இருக்காரு, கிறுக்கன்கூட வந்துட்டான். அவிய வேர்வைதான் இல்ல."

ஃபாயிஸா வாயைப் பொத்திக்கொண்டாள். மதினி குப்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கி மூடி, அவை இருந்த இடத்தில் வைத்தாள். நான் சட்டையை மடித்துக் கொடுத்தேன். கடையைப் பூட்டினோம்.

வெளியே பூக்காரர்கள் சாயங்கால மாலைகளைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் புது மாலை வேண்டாம், சூடிக் கழற்றியதுதான் வேண்டும் என்று கேட்டார். சூடியவள் வீட்டில் இருந்தாள், மறுபடி சூடிக் கழற்றிக் கொடுத்தாள். என் மதினி யாரிடம் போய்க் கேட்பாள்?